உணவுக் குழாயில் ஒரு பூதக் கண்ணாடி

நாம் வாயிலிட்ட கவளம் தொண்டையைத் தாண்டியதும் அதைப் பற்றிய நினைவை விட்டு விடுகிறோம். அதன் பிறகு அது போகும் வழி நம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. முதுகெலும்புக்கு முன்னும் மூச்சுக் குழலுக்குப் பின்னுமாக மார்பினுள் இறங்கும் ஒரு தசைக் குழாய், கவளத்தைப் பற்றி, அலை அலையாகச் சுருங்கி, சில விநாடிகளில் இரைப்பையில் கொண்டு சேர்த்து விடுகிறது. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இதற்கு உணவுக் குழாய் என்று பெயர். கொதிக்கும் காப்பியானாலும், காரமான ஊறுகாயானாலும், சரியாக மெல்லாத முறுக்கானாலும் இது மறுப்புச் சொல்வதில்லை. ஆயுள் முழுவதும் இத்தனை பணிவுடன் ஊழியம் செய்யும் உறுப்பைக் காண்பது அரிது.

இந்தப் பணிவே சில சமயம் மனிதனுக்கு எமனாக முடிகிறது. உணவுக் குழாய் ரப்பரைப்போல் விரிந்து கொடுக்கும் தன்மையுள்ளது. அதன் சுவரில் புற்று நோய் முளைத்தால், நோயில்லாத பக்கம் விரிந்து உணவுக்கு வழி விடுகிறது. நோயாளிக்கு வலியில்லை, பசி குறைவதில்லை. ஒரு நாள் சாதம் நெஞ்சில் சிக்கியது போலத் தோன்றுகிறது. தண்ணீர் குடித்ததும் சரியாகி விடுகிறது. சில வாரங்கள் சென்று, குழைந்த சாதம் மட்டுமே இறங்குகிறது. பிறகு கஞ்சி, பிறகு பால். இந்த நிலையில் வைத்தியரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் குழாயின் சுவரை ஊடுருவி வெகு தூரம் போயிருக்கும். வயிற்றிலுள்ள மற்ற உறுப்புகளைப்போல உணவுக் குழாய்க்கு மேலுறை கிடையாது. நிணநீர் செல்லும் நுண்ணிய கால்வாய்களோ அதன் உட்பரப்புக்கு வெகு அருகிலேயே வலைப்பின்னலாக அமைந்திருக்கின்றன. ஆகவே நோய் பரவுவதற்கு அதிகப் பிரயாசை தேவையில்லை. 2022-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதிலும் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இந்த நோய் கண்டது. சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர் இதனால் மாண்டார்கள். இந்த இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் கவனித்தாலே நோயின் கொடுமை விளங்கும்.

ஆனால் இதே நோயை, அது குழாயின் உட்தோலில் மாத்திரம் படர்ந்திருக்கும்போது கண்டுபிடித்து விட்டால், மார்பைத் திறக்காமல், வாய் வழியாகவே சென்று அந்தத் தோலை உரித்து எடுத்து விடலாம். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும்படி விடக்கூடாது என்று நம் பெரியோர் சொல்லியிருப்பது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. சங்கடம் என்னவென்றால், நகத்தால் கிள்ளக் கூடிய பருவத்தில் இந்த முளை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது கட்டியாகப் புடைத்திருக்காது, புண்ணாகக் குழிந்திருக்காது. அக்கம் பக்கத்தைவிடச் சற்றே சிவந்த ஓர் இடம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாததைக் காண வைத்தியர்கள் ஒன்றரை நூற்றாண்டாகச் செய்து வந்த முயற்சி, கடைசியில் மைக்ராஸ்கோப்பையே நோயாளியின் உணவுக் குழாய்க்குள் இறக்குவதில் வந்து முடிந்திருக்கிறது.

கத்தி விழுங்கியவர் காட்டிய வழி

உயிருள்ள மனிதனின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முடியும் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர், ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்து வைத்தியரான அடால்ப் குஸ்மால். 1868-ஆம் வருஷம் அவர் 47 சென்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள ஓர் உலோகக் குழலைத் தயாரித்தார். நேராக, விறைப்பாக இருக்கும் இந்தக் குழலை விழுங்க யார் முன்வருவார்? கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர் கிடைத்தார். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையை நேராக்கிக் கொண்டு, அவர் குழலைச் சிரமமின்றி விழுங்கினார். குழல் உள்ளே போயிற்று, வெளிச்சம்தான் போகவில்லை. அக்காலத்து விளக்கின் ஒளி இரைப்பையின் இருளை நீக்கப் போதவில்லை. ஆயினும் வழி இருக்கிறது என்பது தெளிவாகி விட்டது.

எல்லோரும் கத்தி விழுங்கிகளாக முடியாது. குழல் வளைய வேண்டும். அதனுடன் ஒளியும் வளைந்து செல்ல வேண்டும். நேராகச் செல்வதே இயல்பாகக் கொண்ட ஒளியை வளைத்துக் கொண்டு போகும் உபாயத்தில் நம் தேசத்தவர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926-இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஹெரால்ட் ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சி செய்தார். மயிரிழை போன்ற கண்ணாடி நார்களை ஆயிரக் கணக்கில் கட்டாகச் சேர்த்தால், அதன் ஒரு நுனியில் விழும் பிம்பத்தை மறு நுனியில் காணலாம் என்று இருவரும் 1954-இல் எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்த பாஸில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற வைத்தியர், அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் வளையும் எண்டாஸ்கோப்பை உருவாக்கி, 1957-இல் முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். கபானி 2020-இல் காலமானார். அடுத்த வருஷம் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது.

பிற்காலத்தில் கண்ணாடி நாருக்குப் பதிலாக, குழாயின் நுனியிலேயே மிகச் சிறிய காமிரா வந்து சேர்ந்தது. உட்புறம் முழுவதும் திரையில் பளிச்சென்று தெரியலாயிற்று. ஆனால் பளிச்சென்று தெரிவது வேறு, இன்னதென்று தெரிவது வேறு.

பழுப்பும் வெளுப்பும்

இந்த வித்தியாசத்தைப் போக்க வந்த முதல் துணை ஒரு பழைய மருந்து. பாரிஸ் நகரத்து வைத்தியர் லுகோல் 1829-இல் தயாரித்த அயோடின் திராவகம் அது. சோற்றிலோ உருளைக்கிழங்கிலோ அயோடின் பட்டால் நிறம் மாறுவதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறிவார்கள். உணவுக் குழாயின் ஆரோக்கியமான தோலிலும் கிளைகோஜன் என்னும் மாவுப் பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எண்டாஸ்கோப்பின் வழியே அயோடினைத் தெளித்தால் அந்தத் தோல் பழுப்பு நிறம் கொள்கிறது. புற்று நோய் கண்ட ஜீவ அணுக்களோ சேமிப்பறியாத ஊதாரிகள். அவற்றில் மாவுப் பொருள் மிகக் குறைவாதலால் சாயம் பிடிப்பதில்லை. பழுப்பு நிலத்தின் நடுவே வெளுத்த திட்டாக நோய் தன்னைக் காட்டிக் கொடுத்து விடுகிறது. செலவு அற்பம், பலன் பெரிது. ஆயினும் அயோடின் நெஞ்சை எரிக்கும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாகும். அன்றியும், சாதாரண வீக்கமுள்ள இடங்களிலும் சாயம் பிடிக்காமல் போவதுண்டு. வெளுத்ததெல்லாம் நோயன்று.

சாயமே இல்லாமல், ஒளியையே சாயமாக்கும் தந்திரத்தை ஜப்பானியர் கண்டார்கள். வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. அவற்றுள் ரத்தத்தின் செம்பொருள் மிகுதியாக உறிஞ்சும் நீலத்தையும் பச்சையையும் மாத்திரம், அதாவது 415, 540 நானோமீட்டர் அலை நீளமுள்ள ஒளியை மட்டும், பிரித்து உட்பரப்பில் பாய்ச்சினார்கள். நீல ஒளி ஆழமாக ஊடுருவாது. மேற்பரப்பிலேயே நின்று விடும். ஆகவே மேல்தோலை ஒட்டிய மயிரிழை ரத்தக் குழாய்கள் பழுப்புக் கோடுகளாக எழுந்து நிற்கின்றன. புற்று நோய் வளர ரத்தம் வேண்டும். முளைத்த உடனேயே அது தனக்கு வாய்க்கால் வெட்டிக் கொள்ளத் தொடங்கி விடுகிறது. அந்த இடம் பழுப்புத் திட்டாகத் தெரிகிறது.

இந்த ஒளி எவ்வளவு உதவுகிறது என்று ஜப்பானில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதித்தன. உணவுக் குழாய்ப் புற்று நோயுள்ள 320 பேரிடம், மேற்பரப்பில் வேறு புற்றுகளும் உள்ளனவா என்று தேடினார்கள். வெள்ளை ஒளியில் நூற்றுக்குச் சுமார் 55 புற்றுகள் அகப்பட்டன. புதிய ஒளியிலோ 97 அகப்பட்டன. 2010-இல் வெளியான இந்த முடிவு, அனுபவமுள்ள கண்களும் வெள்ளை ஒளியில் ஏறத்தாழப் பாதியைத் தவற விடுகின்றன என்பதை உலகத்துக்கு அறிவித்தது.

ரத்தக் குழாயின் கையெழுத்து

இதே ஒளியில் உருவத்தைச் சுமார் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் நுட்பமான காட்சி தென்படுகிறது. உணவுக் குழாயின் மேல்தோலுக்குள், கொண்டை ஊசியைப்போல் மேலே வந்து வளைந்து கீழே இறங்கும் ரத்தக் குழாய்கள் ஒழுங்காக நிற்கின்றன. இவை ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அகலம்கூட இராது. நோய் வந்ததும் இவற்றின் ஒழுங்கு கெடுகிறது. ஜப்பானிய வைத்தியர் ஹருஹிரோ இனோவே இந்தக் கேட்டை நான்கு லட்சணங்களாக வகுத்தார்: குழாய் பருக்கிறது, நெளிகிறது, ஒரே குழாய் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கிறது, ஒன்றின் வடிவம் மற்றொன்றோடு ஒவ்வாமல் போகிறது.

நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதையும் இந்தக் கையெழுத்தைக் கொண்டே ஊகிக்கிறார்கள். வளையம் கெட்டாலும் வளையமாகவே இருந்தால், நோய் பெரும்பாலும் உட்தோலோடு நிற்கிறது. வளையம் அவிழ்ந்து கோடுகளாக ஓடினால், நோய் கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறது. குழாய் 60 மைக்ரான் அளவுக்கு மேல் தடித்துப் போனால், அது ஆழமாக வேரூன்றி விட்டது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜப்பானிய உணவுக் குழாய்ச் சங்கத்தார் அமைத்த இந்தப் பாகுபாடு, நூற்றுக்குச் சுமார் 90 தடவை ஆழத்தைச் சரியாகச் சொன்னதாக 2017-இல் எழுதப்பட்டது.

மைக்ராஸ்கோப்பே உள்ளே போகிறது

இவ்வளவும் ரத்தக் குழாய்களைக் கொண்டு செய்யும் அனுமானமே. குற்றவாளியை நேரில் காண வேண்டுமானால் ஜீவ அணுக்களையே பார்க்க வேண்டும். அதற்கு வெகு காலமாக உள்ள வழி பயாப்ஸி. சந்தேகமான இடத்தில் சிறு கிடுக்கியால் துணுக்கொன்றைக் கிள்ளி எடுத்து, பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். முடிவு தெரியச் சில நாட்கள் ஆகும். கிள்ளிய இடம் நோயுள்ள இடமாகவே இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கிள்ளினால் நோயில்லை என்று தவறான தீர்ப்பு வரலாம். கிள்ளிய புண் ஆறும்போது தழும்பு ஏற்பட்டு, மேல்தோல் அடிப்படலத்தோடு ஒட்டிக் கொள்கிறது. பிறகு அதை உரித்து எடுப்பது கடினமாகிறது.

துணுக்கை மைக்ராஸ்கோப்பிடம் கொண்டு போவதற்குப் பதிலாக மைக்ராஸ்கோப்பைத் துணுக்கிடம் கொண்டு வந்தால் என்ன? இந்தக் கேள்விக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு தேசங்களில் இரு விடைகள் பிறந்தன.

ஜப்பானியரின் விடைக்கு எண்டோஸைட்டாஸ்கோப் என்று பெயர். குழாயின் நுனியில் சுமார் 500 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வில்லை பொருத்தப்பட்டிருக்கிறது. வைத்தியர் முதலில் கோழையைக் கழுவி, மெதிலீன் நீலம் முதலிய சாயத்தைத் தடவுகிறார். பிறகு வில்லையைத் தோலின் மேல் மெதுவாகத் தொடும்படி வைக்கிறார். உடனே திரையில் ஜீவ அணுக்கள் தெரிகின்றன. ஆரோக்கியமான இடத்தில் அவை அகன்ற கற்களைப் பாவிய தரைபோல் வரிசை தவறாமல் கிடக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு புள்ளியாக உட்கரு இருக்கும். நோயுள்ள இடத்தில் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்துக் கொண்டு, உட்கரு பருத்து, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, சாயத்தைத் தாறுமாறாகக் குடித்துக் கருத்திருக்கும். நோயாளி படுக்கையில் மூச்சு விட்டுக் கொண்டிருக்கும்போதே, கத்தி படாமல், இதைக் கண்டு விடலாம்.

மற்றொரு விடை ஜெர்மனியிலிருந்து வந்தது. மைன்ஸ் நகரத்து வைத்தியர் ரால்ப் கீஸ்லிக்கும் அவருடைய சகாக்களும், லேஸர் ஒளியைக் கொண்டு பார்க்கும் எண்டாஸ்கோப்பைப் பற்றி 2004-இல் எழுதினார்கள். அவர்கள் அதை முதலில் பெருங்குடலில் கையாண்டார்கள்; பிறகு உணவுக் குழாய்க்கும் அது வந்தது. இதில் ஃப்ளோரெஸின் என்ற மஞ்சள் மருந்தை ரத்தத்தில் செலுத்துகிறார்கள். நீல லேஸர் பட்டதும் அது பச்சையாக ஒளிர்கிறது. ஊசித் துளை போன்ற சிறு வாயிலின் வழியே, வேண்டிய ஓர் ஆழத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் ஏற்று மற்றதைத் தள்ளி விடுவதால், தோலை அரியாமலே அதன் உள்ளடுக்கைச் சீவி எடுத்தது போன்ற படம் கிடைக்கிறது. கால் மில்லிமீட்டர் ஆழம் வரை இவ்வாறு காணலாம். பெருக்கம் ஆயிரம் மடங்கு. நோயாளியின் மேனியும் சிறுநீரும் சிறிது நேரம் மஞ்சளாக இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மேனாடுகளில் உணவுக் குழாயின் அடிப்பகுதி இரைப்பைப் புளிப்பினால் வெந்து உருமாறி, அங்கே புற்று வருவது அதிகம். அத்தகையோரிடம் எந்த இடத்தில் கிள்ளுவது என்று அறிய இது துணை செய்கிறது.

இரண்டு கருவிகளுக்கும் குறைகள் உண்டு. ஜப்பானியக் கருவி மேற்பரப்பின் கீழ் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே காணும். நோயின் அடி வேர் எங்கே என்று அது சொல்லாது. லேஸர்க் கருவியில் ஊற்றும் மருந்து உட்கருவில் ஒட்டுவதில்லை. ஆகையால் உட்கருவின் உருவம் தெளிவாகத் தெரியாது. விலையோ பெரிது, பயின்ற கைகள் குறைவு. பயாப்ஸிதான் இன்னும் கடைசித் தீர்ப்பு. எங்கே கிள்ளுவது, எங்கே கிள்ளாமல் விடுவது என்று வைத்தியரின் கைக்கு வழி சொல்வதே இவற்றின் பெரிய உபகாரம்.

ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்

இத்தனை நுட்பமும் எதற்காக என்று நேயர்கள் கேட்கலாம். உணவுக் குழாயின் உட்படலத்துக்கு அடியில் மெல்லிய தசை அடுக்கு ஒன்று இருக்கிறது. நோய் அதற்கு மேலேயே நின்றிருந்தால், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருப்பது அரிது. அந்த அடுக்கைத் தாண்டி 200 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கி விட்டால் பரவியிருக்கும் அபாயம் மிகுந்து விடுகிறது. முன்னதற்கு, எண்டாஸ்கோப்பின் வழியே திரவத்தைச் செலுத்தித் தோலை உப்பச் செய்து, மின்சாரக் கத்தியால் சுற்றிலும் கீறி, ஆரஞ்சுச் சுளையின் தோலை உரிப்பது போல் உரித்து விடலாம். உணவுக் குழாய் உடலிலேயே இருக்கும். சுற்றளவு முழுவதும் உரித்தவர்களுக்கு வடு சுருங்கிக் குழாய் குறுகலாம். அதற்கும் பரிகாரம் உண்டு. பின்னதற்கோ மார்பைத் திறந்து குழாயையே அகற்றி, இரைப்பையை மேலே இழுத்துத் தைக்கும் பெரிய ரண சிகிச்சை, அல்லது மருந்தும் கதிர் வீச்சும் சேர்ந்த நெடிய சிகிச்சை வேண்டும். ஒரு மனிதன் இனிமேல் எப்படிச் சாப்பிடப் போகிறான் என்பது ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது.

இதைக் கணிக்க இப்போது கம்ப்யூட்டரையும் பழக்குகிறார்கள். எண்டோஸைட்டாஸ்கோப் படங்களைக் கொண்டு பழக்கிய ஒரு யந்திரம், 27 புற்றுகளில் 25-ஐயும், புற்றல்லாத 28 இடங்களில் 25-ஐயும் சரியாகச் சொன்னதாக 2019-இல் ஜப்பானியர் அறிவித்தார்கள். அதே வருஷம் வெளியான மற்றொரு ஜப்பானியச் சோதனையில், சாதாரண எண்டாஸ்கோப்புப் படங்கள் 1,118-ஐ ஒரு யந்திரம் 27 விநாடிகளில் பார்த்து முடித்தது. புற்றுள்ள நோயாளிகளில் நூற்றுக்கு 98 பேரைக் கண்டுகொண்டது. ஆனால் அது புற்று என்று சுட்டிய படங்களில் நூற்றுக்கு 40-இல்தான் உண்மையாகவே புற்று இருந்தது. காவற்காரன் கூர்மையானவன், சற்று அதிகமாகக் கூவுகிறான் என்று சொல்ல வேண்டும்.

யாரைப் பார்ப்பது?

எத்தனை நல்ல கருவியானாலும் அது பெட்டிக்குள் இருக்கும் வரையில் பயனில்லை. நோயில்லை என்று எண்ணிக் கொண்டிருப்பவர்களை வலியச் சென்று பார்த்தால்தான் பலன். சீனாவில் ஹெபெய் மாகாணத்துச் சிஸியான் பிரதேசத்தில் இந்த நோய் மிகுதி. அங்கே 14 கிராமங்களில், 40 வயது முதல் 69 வயது வரையுள்ளவர்களை ஒரே ஒரு தடவை எண்டாஸ்கோப்பால் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கையாண்ட சாதனம் விலையுயர்ந்த லேஸர் அன்று. நாம் முன்பு சொன்ன அயோடின்தான். ஆரம்ப நிலையில் அகப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். பத்து வருஷம் கழித்து அண்டைக் கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். பார்க்காத கிராமங்களில் இந்த நோயால் மாண்டவர்கள் நூற்றுக்கு 5.05, பார்த்த கிராமங்களில் 3.35. 2015-இல் வெளியான இந்தக் கணக்கின்படி, ஒரு தடவை எட்டிப் பார்த்ததே மூன்றில் ஒரு பங்கு மரணத்தைத் தடுத்திருக்கிறது.

நம் நாட்டில் மேகாலயத்துக் காசி மலைகளிலும் அஸ்ஸாமிலும் காஷ்மீரத்திலும் இந்த நோய் அதிகம். புகையிலை, மது, பாக்கு ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. பொறுக்க முடியாத சூட்டில் குடிப்பதும் அப்படியே. ஈரானில் கோலெஸ்தான் மாகாணத்தில் சுமார் 50,000 பேரைப் பல வருஷம் கவனித்ததில், 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நாள்தோறும் 700 மில்லிலிட்டருக்குக் குறையாமல் தேநீர் குடித்தவர்களுக்கு, குறைந்த அளவு, ஆறிய தேநீர் குடித்தவர்களைவிட அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. ஆவி பறக்கும் காப்பியை இரண்டு ஆற்று ஆற்றிக் குடிக்கும் நம் வீட்டு வழக்கம் நல்ல வழக்கம்தான்.

வெகு காலம் புகையிலையும் மதுவும் பழகியவர்கள், வாயிலோ தொண்டையிலோ முன்பே புற்று வந்து குணமானவர்கள், வருஷக் கணக்கில் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் ஆகியோர், தமக்கு உணவுக் குழாய்ப் பரீட்சை தேவையா என்று வைத்தியரைக் கேட்டுக் கொள்வது நலம். தொண்டையை மரத்துப் போகச் செய்து, இடப் பக்கமாகப் படுக்க வைத்துச் செய்யும் இந்தப் பரீட்சை, சாதாரணமாக அரை மணி நேரத்துக்குள் முடிந்து விடும்.

வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சாப்பிட உட்காரும் பெரியவர், "சாதம் நெஞ்சை அடைக்கிறது" என்று ஒரு நாள் சொன்னால், "மெல்ல மென்று சாப்பிடுங்கள்" என்று தண்ணீரை எடுத்து வைத்து விடுகிறோம். மறு வாரமும் அதையே சொன்னால், தண்ணீரோடு நிறுத்தாமல் அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.